வெண்பனிக் கோயில்: ஜப்பானிய மரக்கட்டை அச்சோவியம்

வெண்பனி மூடிய கோயில்களை, செதுக்கிய மரப்பலகைகளைக் கொண்டு பல வண்ணங்களில் அச்சிட்ட ஜப்பானிய ஓவிய வகை. தமிழில் 'பனி' என்ற ஒரே சொல் இரண்டு பொருளில் நிற்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்கு மார்கழி விடியலில் போகிறவர்களின் தலையை நனைப்பது ஒரு பனி. இங்கே சொல்வது, பஞ்சாக இறங்கிக் கூரையில் குவியும் மற்றொரு பனி.

ஓவியர் ஹிரோஷிகே 1856இல் வெளியிட்ட அசகுசா கோயில் படத்தில் வாயிலின் பெரிய சிவப்பு விளக்குக்கு அப்பால் பனியின் வெண்மை. கவாசே ஹசுயி (1883–1957) வரைந்த சோஜோஜி கோயில் (1925) இவ்வகையின் சிகரம்: செந்நிற வாயில், சாய்ந்து வீசும் பனி, குடையைத் தாழ்த்தி நடக்கும் ஒரு பெண். பதிப்பித்தவர் வதனபே ஷோசாபுரோ.

இப்படங்களில் பனிக்குப் பெரும்பாலும் மையே கிடையாது. பனி விழும் இடத்தைப் பலகையில் குடைந்தெடுத்துவிடுவார்கள். அங்கே தெரிவது வெறும் தாளின் வெண்மை. செர்ரி மரப்பலகையில் நீர்வண்ணம் பூசி, மேலே தாளைப் பரப்பி, மூங்கில் மடல் சுற்றிய வட்டத் திண்டால் தேய்ப்பார்கள். வண்ணம் மாறும்போது பலகையும் மாறும். தாள் விலகாமல் உட்கார, பலகையின் ஓரங்களில் 'கெந்தோ' என்னும் வெட்டுக்குறிகள் உண்டு. ஒன்றன்மேல் ஒன்றாக வரும் வண்ணங்கள் இம்மியும் பிசகக் கூடாது என்ற பாடு ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையத்தை அடுத்த சிவகாசியின் அச்சகத்தாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஈரத் தூரிகையால் வண்ணத்தைப் படிப்படியாக மங்கவைப்பது 'பொகாஷி'. பனிவானத்தின் சாம்பல் நிறம் அப்படித்தான் பிறக்கிறது.

1923 தோக்கியோ நிலநடுக்கத்தைத் தொடர்ந்த தீயில் வதனபேயின் பலகைகள் அழிந்தன. ஹசுயியின் குறிப்பேடுகளும் எரிந்தன. வதனபேயிடமே முதலில் அச்சிட்ட ஓவியர் யோஷிதா ஹிரோஷி (1876–1950) 1925இல் சொந்தப் பட்டறை தொடங்கினார். நிக்கோ என்ற ஊரின் யோமெய் வாயில் படத்துக்கு (1937) ஒரே தாளை 96 முறை அச்சிட்டார். அந்தப் பொறுமை தமிழ்நாட்டுக்கும் வந்தது. 1930 இறுதியில் மூத்த மகன் தோஷியுடன் இந்தியா வந்தவர், ஊர் திரும்பி உருவாக்கிய இந்திய, தென்கிழக்காசிய வரிசையில் தாஜ்மகாலோடு மதுரைப் பெருங்கோயிலும் இருக்கிறது.