சிங்கப்பூரில் கலைக் கண்காட்சிகளும் உடற்குறையுள்ளோரும்

சிங்கப்பூரின் தற்காலக் கலைக் கண்காட்சிகளை உடற்குறையுள்ளோர் தடையின்றி அனுபவிக்க வழிசெய்யும் முயற்சி, உரிமை இயக்கத்தாலும் கட்டட விதிகளாலும் தொண்டு அமைப்புகளாலும் கலைஞர்களாலும் வளர்ந்தது. அரும்பொருளகங்கள் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தன.

உடற்குறையுள்ளோரின் உரிமை வரலாற்றில் சிங்கப்பூருக்கு உலக அளவில் ஓர் இடம் உண்டு. 1980இல் கனடாவின் வினிப்பெக் நகரில் மறுவாழ்வுத் துறையினரின் அனைத்துலக மாநாடு நடந்தது. அதை நடத்திய அமைப்பின் நிர்வாகத்தில் பாதி இடங்கள் தங்களுக்கு வேண்டும் என்று உடற்குறையுள்ளோர் கேட்டார்கள், கோரிக்கை தோற்றது. தனி அமைப்பு தொடங்க முடிவெடுத்தவர்கள், தங்கள் முதல் உலக மாநாட்டை 1981இன் இறுதியில் கூட்டிய இடம் சிங்கப்பூர். பார்வையற்றவரான சிங்கப்பூரர் ரான் சந்திரன்-டட்லி அப்புதிய அமைப்பின் முதல் தலைவரானார். எங்களைப் பற்றி மற்றவர்கள் பேசியது போதும், இனி நாங்களே பேசுகிறோம் என்பதே அம்மாநாட்டின் சாரம். அக்கருத்து முழங்கிய ஊரின் கலைக்கூடங்களுக்கே அது எட்டப் பல ஆண்டுகள் ஆனது வருத்தத்துக்குரியது.

கட்டடங்களிலும் இதே தாமதம்தான். சிங்கப்பூரின் இந்தியர் வட்டாரமான லிட்டில் இந்தியா 1989இல் பாதுகாக்கப்பட்ட மரபு வட்டாரமானது. அடுத்த ஆண்டே தடையற்ற கட்டடங்களுக்கான முதல் விதித்தொகுப்பு வந்தது. ஆனால் அது புதிய கட்டடங்களையும் பெரிய அளவில் மாற்றியமைக்கப்படுபவற்றையும் மட்டுமே கட்டுப்படுத்தியதால், அங்குள்ள சிராங்கூன் சாலையை ஒட்டிய பழைய கடைவீடுகள் செங்குத்தான மாடிப்படிகளோடு நின்றன. ராஃபிள்ஸின் 1822ஆம் ஆண்டு நகரத் திட்டத்தின் வழிவந்த ஐந்தடி நடைபாதைகள் வெயிலுக்கும் மழைக்கும் அருமையான காப்பு. ஆனால் கடைக்குக் கடை ஏறி இறங்கும் அவற்றின் தரை சக்கர நாற்காலிக்கு உதவுவதில்லை. 1987இல் ஓடத் தொடங்கிய எம்ஆர்டி ரயிலின் தொடக்ககால நிலையங்களிலும் மின்தூக்கி இல்லை. 2006 வாக்கில்தான் ஒவ்வொரு நிலையத்துக்கும் படியில்லா வழி ஒன்றாவது கிடைத்தது. உடற்குறையுள்ளோருக்குக் கலையில் நாட்டமில்லை என்று சொல்லுமுன், வாசல்வரை வர அவர்களுக்கு வழி இருந்ததா என்று கேட்பதே நியாயம்.

1993இல் வெரி ஸ்பெஷல் ஆர்ட்ஸ் சிங்கப்பூர் அமைப்பு உருவானது. 1974இல் அமெரிக்காவில் ஜீன் கென்னடி ஸ்மித் தொடங்கிய இயக்கத்தின் பெயரைத் தாங்கிய இது, 2021இல் ஆர்ட்:டிஸ் எனப் பெயர் மாற்றிக்கொண்டது. ஓவியம், இசை, நடனம் எனப் பயிற்சி தந்து பலரைக் கலைஞராக்கியது இதன் பணி. எனினும் உடற்குறையுள்ளோரின் படைப்புகளைப் பரிவோடு மட்டும் பார்க்கும் பழக்கம் எளிதில் போகவில்லை.

அந்தப் பார்வையைத் தகர்த்தவர் அச்சோவியர் சிங் சியோக் டின் (1946–2019). லண்டனிலும் அமெரிக்காவிலும் பயின்று, லாசால் கலைக் கல்லூரியில் அச்சோவியம் கற்பித்தவர். 1988இல் மூளையில் உண்டான சீழ்க்கட்டிக்குச் செய்த அறுவை சிகிச்சைக்குப்பின் பார்வையின் பெரும்பகுதியை இழந்தார். கண்ணை நம்பிய ஒரு கலையின் உச்சத்தில் இருந்தபோது நேர்ந்த இழப்பு அது. அவர் ஓயவில்லை. விரல்களின் உணர்வைக் கொண்டு சிற்பம், மண்பொருள், கலப்பு ஊடகம் என விரிந்தார். உதவியாளர்களின் துணையோடு அச்சோவியத்தையும் தொடர்ந்தார். சீன மொழியில் எழுதினார். 2005இல் அவருக்குக் கலாசாரப் பதக்கம் கிடைத்தது. தொட்டுப் பார்ப்பதும் கலையை அறியும் முழுமையான வழிதான் என்பதற்கு அவர் வாழ்க்கையைவிட வலுவான சான்று சிங்கப்பூரில் இல்லை.

தற்காலக் கலைக்கெனச் சில தடைகள் உண்டு. இருட்டறையில் ஓடும் காணொளியில் வசன வரிகள் இல்லையென்றால் காது கேளாதவருக்கு அது பாதிப் படைப்பு. மினுக்கும் ஒளியும் திடீர் ஓசையும் ஆட்டிசம் உள்ளவரை வெளியே துரத்தும். நிற்பவர் கண்ணுக்கு நேராக, பொடி எழுத்தில் ஒட்டிய விளக்கக்குறிப்பு சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு எட்டாது. இவற்றுக்கான தீர்வுகளும் தெரிந்தவையே: வசன வரிகள், சைகைமொழி உலா, பார்வையற்றோருக்கு ஒலிவழி விளக்கம், தொட்டறியும் மாதிரிகள், கூட்டமில்லா நேரம். தில்லி தேசிய அருங்காட்சியகம் 2015இல் தொட்டறிவதற்கென்றே ‘அனுபவ்’ என்ற காட்சிக்கூடத்தைத் திறந்தது. அதே ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்ட சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்தில் இன்று ஒளியும் ஓசையும் தணிந்த அமைதி அறை ஒன்று இருக்கிறது. ஓவியங்களுக்கு நடுவே திணறுபவர் வீடு திரும்ப வேண்டியதில்லை. சற்று இளைப்பாறிவிட்டு மீண்டும் பார்க்கலாம்.

லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் 2015 மே மாதம் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் படிக்கிணற்றை நினைவூட்டும் முகப்புடைய நான்கு மாடிக் கட்டடம். புதிதாக எழுந்ததால் மின்தூக்கியும் உடன் வந்தது. அங்கிருந்து சில அடி நடந்தால், தேக்கா என்றும் அழைக்கப்படும் அவ்வட்டாரத்தின் சுவரோவியங்கள். வீதியில் இருப்பதால் நுழைவுத் தடை இல்லை. ஆனால் பார்வையற்றவருக்கு அவை வெறும் சுவர்களே.

உடற்குறையுள்ளோர் உரிமைகளுக்கான ஐநா உடன்படிக்கையைச் சிங்கப்பூர் 2013இல் உறுதிசெய்தது. அதன் 30ஆம் பிரிவு பண்பாட்டு வாழ்வில் பங்கேற்பதை உரிமையாகவே வைக்கிறது. எனவே கண்காட்சிக்குத் திட்டமிடும் முதல் கூட்டத்திலேயே உடற்குறையுள்ளோரை ஊதியம் தந்து ஆலோசகர்களாக அமர்த்த வேண்டும். தேக்காவில் வளர்ந்து, முதுமையில் பார்வை மங்கிய தமிழருக்கு அந்தச் சுவரோவியங்களையும் கலைக்கூடத்து ஓவியங்களையும் தமிழிலேயே விவரித்துச் சொல்லும் ஒலிப்பதிவு வேண்டும். நான்கு அதிகாரத்துவ மொழிகள் கொண்ட நாட்டில் இது மிகையான கோரிக்கை அல்ல.