புதுமண்டபத்துத் துணி

மதுரைப் புதுமண்டபத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் கல்லைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். திருமலை நாயக்கர் (1623–1659) கட்டிய வசந்த மண்டபம், 124 தூண்கள், பத்து நாயக்க மன்னர்களின் சிலைகள். 1792இல் மதுரைக்கு வந்த தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் தீட்டிய படங்களிலும் தூண்கள்தான் தெரிகின்றன. அந்தத் தூண்களுக்கு நடுவே உட்கார்ந்து தலைமுறை தலைமுறையாகத் தைத்தவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. கல் நிற்கிறது, எங்கள் துணியோ வெயிலில் தொங்கித் தேய்வதற்கென்றே தைக்கப்படுவது. சில திருவிழாக்களில் சாயம் வெளுத்துவிடும், கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது கட்டுவார்கள்.

என் அத்தா அங்கேதான் தைத்தார், நானும் அங்கேதான் தொழில் பழகினேன். கோயில் வேலை செய்த முஸ்லிம் தையல்காரர்கள் அந்த மண்டபத்தில் நாங்கள் மட்டுமல்ல. தேர்ச்சீலை, வாசமாலை, குடை, தொம்பை எல்லாம் எங்கள் கைவழிப் போனவை.

தொம்பை என்றால் தேரிலும் கோயில் வாசலிலும் உருளையாகத் தொங்குமே, அதுதான். உள்ளே வளையம் கோத்திருக்கும், கீழே நாக்கு நாக்காகத் துணி ஆடும். அடியில் ஒரு நிறம். அதன்மேல் வேறு நிறத்துணியில் யாளி, யானை, தாமரை என்று வெட்டி வைத்துத் தைப்போம். சிவப்பு, வெள்ளை, மஞ்சள், பச்சை, கறுப்பு போதும். தூரத்திலிருந்து பார்க்கிற வேலை என்பதால் கலந்த நிறம் எடுபடாது. துணியை நாலாக மடித்து வெட்டினால் ஒரே வெட்டில் நான்கு இதழும் ஒத்துவரும். வெட்டிய விளிம்பை உள்ளே மடக்கி, விரல் நகத்தால் நீவிவிட்டு, நூல் வெளியே தெரியாமல் ஓட்ட வேண்டும். மடிப்பு கொஞ்சம் தளர்ந்தாலும் மாசி வீதித் திருப்பத்தில் காற்று பிடித்துப் பிரித்துவிடும். நீளத் தையலை மிஷினில் ஓட்டிவிடலாம். யாளியின் கண்ணுக்கு மட்டும் அத்தா கையூசிதான் எடுப்பார். கறுப்பு வட்டத்தை நடுவில் வைக்காமல் ஒரு நூல் மேலே தூக்கி வைப்பார். அப்போதுதான் கீழே நிற்கிறவனை அது பார்க்கும்.

ஆனால் மண்டபத்தின் பெரிய பருவம் தேர்வேலையில் இல்லை, அழகர் வேலையில் இருந்தது. மாசியில் நடந்துவந்த மீனாட்சி கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்குவதோடு சேர்த்தார் என்பது மதுரைக்காரர் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. என் பார்வையில் அந்த முடிவுதான் எங்கள் தொழிலுக்குச் சோறு போட்டது. இரண்டு திருவிழா ஒன்றானதும் சுற்றுப்பட்டுக் கிராமம் முழுக்க ஒரே பௌர்ணமிக்கு வைகைக் கரையில் வந்து நின்றது. நேர்த்திக்கடன்காரர்கள் திரி எடுத்து ஆடவும், ஆட்டுத்தோல் பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சவும் உடுப்பு வேண்டும். சல்லடம், கச்சை, உருமா, குல்லா. அவற்றில் கண்ணாடிச் சில்லு, ஜிகினா, ஜரிகை. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்திலிருந்து பங்குனியிலேயே வந்துவிடுவார்கள். “பாய், எங்கப்பா போட்டது மாதிரியே இருக்கணும்” என்று கிழிந்த பழைய சல்லடத்தை மாதிரிக்கு நீட்டுவார்கள். அதைப் பிரித்துப் பார்த்தால் உள்மடிப்பில் பழைய நிறம் மங்காமல் இருக்கும். எந்தக் கை தைத்தது என்பதும் தையல் இடைவெளியிலேயே தெரிந்துவிடும். எங்களுக்கு இருந்த ஆவணம் அவ்வளவுதான்.

அழகருக்குமே துணிதான் சேதி. தல்லாகுளம் வரை கள்ளர் வேடத்தில் வருகிறவர், எந்த நிறப் பட்டு உடுத்தித் தங்கக் குதிரையில் ஆற்றில் இறங்குகிறார் என்று ஊரே காத்திருக்கும். பச்சை என்றால் அந்த வருசம் வெள்ளாமை செழிக்கும் என்பது நம்பிக்கை. நாங்களும் அதைத்தான் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவோம்.

2018 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு மீனாட்சி கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. அதன்பிறகு புதுமண்டபத்துக் கடைகளும் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறின. துணியும் மரமும் அடைந்த இடத்தில் தீப்பொறி விழுந்தால் என்னவாகும் என்பது தையல்காரனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடைகள் மாறியது சிற்பங்களுக்கு நல்லதுதான். நடுவில் 2020, 2021 இரண்டு சித்திரையும் கொரோனாவால் ஜனம் இல்லாமலே கழிந்தன. அந்த இரண்டு வருசத்தில் பழகு பையன்கள் வேறு வேலை தேடிப் போனார்கள். 2022இல் திருவிழா திரும்பியது. போன பையன்களில் திரும்பாதவர்கள் உண்டு.

அத்தா விட்டுப்போன மாதிரி அட்டைகள் என்னிடம் இருக்கின்றன. ஓரம் கறுத்த யாளி முகம், அன்னம், தாமரை. காந்தி மியூசிய வளாகத்து அரசு அருங்காட்சியகத்தில் கல்லுக்கும் செம்புக்கும் இடமிருக்கிறது. அங்கே ஒரு தொம்பையும் ஒரு சல்லடமும் வைத்து, தைத்தவர் பெயரையும் வருசத்தையும் எழுதிவைக்க வேண்டும். சித்திரைப் பொருட்காட்சியிலும் ஒரு மூலை கொடுத்து, வருகிறவர்கள் கண்ணெதிரே வெட்டித் தைக்கச் சொல்லலாம். கேட்டால் அட்டைகளைத் தருகிறேன், வந்து உட்கார்ந்து தைத்தும் காட்டுகிறேன்.