காற்பந்துக் களமும் கண்ணாடிப் பேழையும்

போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நாட்டி, அதில் அவன் பெயரும் பீடும் பொறித்துப் போற்றியது பழந்தமிழர் மரபு. நடுகல் நாட்டும் முறையை ஆறு துறைகளாக வகுத்துரைக்கின்றது தொல்காப்பியம். நாம் குடியேறி வாழும் இக்கன்னட நாட்டிலும் அம்மரபு உண்டு, 'வீரகல்லு' என்பர். நம் நகரின் தென்பால் உள்ள பேகூர்க் கோயிலில் ஏறத்தாழக் கி.பி. 890-ஆம் ஆண்டைச் சார்ந்த வீரக்கல் ஒன்று உள்ளது. 'பெங்களூரு' என்னும் பெயர் முதன்முதலாகக் காணப்படுவது அக்கல்லில்தான். போரில் மாண்ட ஒருவனை மறவாதிருக்கக் கல் நாட்டினர். அந்தக் கல்லே ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் ஒரு நகரின் பெயர்ப் பழமைக்குச் சான்றாகி நிற்கின்றது.

போர்க்களத்திற்கு நடுகல் உண்டு. ஆடுகளத்திற்கு என்ன உண்டு? நம் நீலசந்திராவையும் ஆஸ்டின் டவுனையும் அல்சூரையும் சுற்றியுள்ள மைதானங்களில் நூறாண்டுக்கு மேலாகக் காற்பந்து ஆடப்பட்டு வருகின்றது. அக்களங்களிலிருந்து எழுந்து உலகறிய ஆடியவர் பலர். அவர்தம் அடையாளங்கள் எங்கே உள்ளன என்பதைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிற நாட்டார் செய்தவை

முதற்கண், பிறர் இதனை எவ்வாறு செய்கின்றனர் என்று காண்போம். இலண்டன் மாநகரில் லார்ட்ஸ் கிரிக்கெட் மைதானத்தின் உள்ளேயே ஒரு சிறு பொருட்காட்சிச் சாலை 1953-ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. அங்குள்ள பொருள்களுள் ஒன்று, ஒரு பந்தின்மேல் அமர்த்தி வைக்கப்பட்ட ஊர்க்குருவி. 1936-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்காகப் பந்து வீசினார் நம் இந்திய ஆட்டக்காரர் ஜஹாங்கீர் கான். அவர் வீசிய பந்து பட்டு அக்குருவி இறந்தது. அதனைப் பதப்படுத்தி, அடித்த பந்துடன் சேர்த்து வைத்துவிட்டனர். மாண்ட குருவிக்கும் ஊரும் நாளும் எழுதி வைத்திருக்கின்றனர்!

அமெரிக்க நாட்டிலோ பேஸ்பால் ஆட்டத்திற்கென்றே கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் 1939-ஆம் ஆண்டு ஒரு பொருட்காட்சிச் சாலை திறந்தனர். ஆட்டக்காரர்தம் மட்டை, கையுறை, சட்டை ஆகியவற்றோடு, இடிக்கப்பட்டு மறைந்த மைதானங்களின் எச்சங்களையும் காத்து வருகின்றனர். நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் 1913-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட எபெட்ஸ் ஃபீல்டு என்னும் மைதானத்தின் கதை நாம் அறியத்தக்கது. உழைக்கும் மக்கள் நெருங்கி வாழ்ந்த பகுதி அது. நிறவேற்றுமையால் கறுப்பின மக்கள் பெரும்போட்டிகளில் இடம்பெறாதிருந்த காலத்தில், 1947-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் ஜாக்கி ராபின்சன் என்னும் கறுப்பின இளைஞர் அம்மைதானத்தில் இறங்கி அத்தடையை உடைத்தார். 1957-ஆம் ஆண்டோடு அக்குழுவினர் வேறு நகருக்குப் பெயர்ந்தனர். 1960-இல் மைதானம் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. ஆயினும், இடிக்கும்போது அங்கிருந்த பொருள்களை ஏலம் விட்டனர். மைதானத்தின் அடிக்கல் விலைக்கு வாங்கப்பட்டுக் கூப்பர்ஸ்டவுன் சேர்ந்தது. களம் போயிற்று; கல் இருக்கின்றது. கல் உள்ளவரை, அங்கு நிகழ்ந்ததைப் பேரர்க்குச் சொல்ல ஒரு பிடிப்பு இருக்கும்.

தண்டில் வளர்ந்த ஆட்டம்

இனி நம் ஊருக்கு வருவோம். 1809-ஆம் ஆண்டளவில் ஆங்கிலேயர் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்த தம் படையைப் பெங்களூருக்கு மாற்றித் தண்டு அமைத்தனர். அது சென்னைப் படை. ஆகையால் படைவீரராகவும் கொத்தராகவும் தச்சராகவும் சமையற்காரராகவும் வணிகராகவும் தமிழ் மாவட்டங்களிலிருந்து மக்கள் வந்து சேர்ந்தனர். 1864-ஆம் ஆண்டு ஜோலார்பேட்டையிலிருந்து தண்டு நிலையம் வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டதும் வருவோர் தொகை பெருகிற்று. நம்முள் பலருடைய பாட்டன்மார் அப்பாதை வழி வந்தவரே.

வெள்ளைச் சிப்பாய்கள் மாலை வேளைகளில் அணிவகுப்புத் திடல்களில் பந்துதைத்தனர். வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்த தண்டுவாழ் சிறுவர் விரைவில் தாமும் ஆடக் கற்றனர். கிரிக்கெட்டுக்கு மட்டை வேண்டும், கால்காப்பு வேண்டும். டென்னிசுக்கு வலை வேண்டும். காற்பந்துக்கோ ஒரு பந்தும் வெற்றுக்காலும் போதும். ஏழையின் வீட்டில் இந்த ஆட்டம் வேரூன்றியதற்கு இதனினும் வேறு காரணம் தேட வேண்டுவதில்லை. தமிழரும் கன்னடரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் ஆங்கிலோ இந்தியரும் ஒரே களத்தில் ஆடினர்.

1937-ஆம் ஆண்டு பம்பாயில் நடைபெற்ற ரோவர்ஸ் கோப்பைப் போட்டியில் பெங்களூர் முஸ்லிம்ஸ் குழு வெற்றி பெற்றது. அதற்குமுன் இந்தியக் குழு எதுவும் அக்கோப்பையை வென்றதில்லை. பட்டாளக் குழுக்களே மாறிமாறிக் கொண்டுசென்றன. அடுத்த ஆண்டும் அக்கோப்பை பெங்களூருக்கே வந்தது. மாநிலங்களுக்கிடையே நடைபெறும் சந்தோஷ் கோப்பையை 1946-47, 1952-53, 1967-68, 1968-69 ஆகிய நான்கு முறை மைசூர் அணி வென்றது.

வெற்றுக்கால் வீரர்

நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1948-இல், இலண்டன் ஒலிம்பிக் பந்தயத்திற்குச் சென்ற இந்தியக் காற்பந்து அணியில் மைசூர் மாநில ஆட்டக்காரர் பலர் இடம்பெற்றனர். அகமது கான், சாரங்கபாணி ராமன், தன்ராஜ், பஷீர், வஜ்ரவேலு ஆகியோர் அவர்கள். ஜூலை 31-ஆம் நாள் பிரெஞ்சு நாட்டை எதிர்த்து ஆடினர். நம்மவருள் பெரும்பாலோர் காலணி அணியவில்லை. பிரெஞ்சுக்காரர் முதலில் ஒரு கோல் அடிக்க, 70-ஆவது நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார். விடுதலை பெற்ற இந்தியாவின் முதற் பன்னாட்டுக் காற்பந்து ஆட்டம் அது. ஆகவே சுதந்திர இந்தியாவின் முதற் கோல் அவர் காலிலிருந்து பிறந்தது. இரண்டு பெனால்டி வாய்ப்புகள் வீணாயின. ஆட்டம் முடியச் சற்றே இருக்கும்போது பிரெஞ்சுக்காரர் மற்றொரு கோல் அடித்து 2-1 என வென்றனர். தோல்விதான், எனினும் இலண்டன் மக்கள் வியந்து பாராட்டிய தோல்வி.

அகமது கான் 1952-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் ஆடினார். அங்கு யுகோஸ்லாவியா நம்மை 10-1 என்று முறியடித்தது. அந்த ஒரு கோலை அடித்தவர் அவரே. அத்தோல்விக்குப் பின்னரே காலணி அணிந்து ஆடுதல் நம் நாட்டில் கட்டாயமாயிற்று. ஆக, வெற்றுக்கால் ஆட்டத்தின் தொடக்கப் புகழிலும் இறுதி நாளிலும் பெங்களூர்க்காரர் பெயர் எழுதப்பட்டுள்ளது.

கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் ஐந்து முன்னணி ஆட்டக்காரரைப் 'பஞ்சபாண்டவர்' என்றே மக்கள் அழைத்தனர். அவருள் அகமது கானும் தன்ராஜும் நம் ஊரினர். 1949, 1950, 1951 ஆகிய மூன்றாண்டுகளும் தொடர்ந்து ஐ.எப்.ஏ. கேடயத்தை அக்கழகம் வென்றது. பின்னர் கெம்பையா 1956-ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியில் ஆடினார். 1962-இல் ஜகார்த்தாவில் ஆசியப் பொற்பதக்கம் வென்ற அணியில் அருமைநாயகம் இருந்தார். இப்பெயர்களை நம் பிள்ளைகளிடம் கூறிப் பாருங்கள். எத்தனை பேர் அறிவர்?

1977-ஆம் ஆண்டு நிகழ்ந்ததைச் சற்று விரித்துரைத்தல் தகும். அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களில் பிரேசில் நாட்டுப் பீலே, தாம் சேர்ந்திருந்த நியூயார்க் காஸ்மாஸ் குழுவுடன் கல்கத்தா வந்தார். அத்திங்கள் 24-ஆம் நாள் ஈடன் தோட்டத்தில் மோகன் பகான் குழு அவர்களை எதிர்த்து ஆடி 2-2 எனச் சமன் செய்தது. நாடே அதனைப் பேசிற்று, இன்றும் பேசுகின்றது. ஆனால் அதே 1977-இல்தான் முதலாம் பெடரேஷன் கோப்பைப் போட்டி நடைபெற்றது. அதன் இறுதியாட்டத்தில் அதே மோகன் பகானை 1-0 என்று வென்று கோப்பையை ஏந்தியவர் யார்? தூரவாணி நகரில் தொலைபேசிக் கருவிகள் செய்யும் ஐ.டி.ஐ. தொழிற்சாலையின் குழுவினர்! பீலேயின் குழுவுக்குச் சமமாக ஆடிய அணியை வென்றவர்கள் நம் ஊர்த் தொழிலாளர்கள். பீலே வந்த நாளை அறிந்தோர் பல்லாயிரவர். இவ்வெற்றியை அறிந்தோர் வெகு சிலர்.

கௌதமபுரத்தில் கண்டது

அல்சூரை அடுத்த கௌதமபுரத்திற்கு நாம் நண்பர் சிலருடன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்றிருந்தோம். தமிழ் பேசும் உழைப்பாளி மக்கள் நெருங்கி வாழும் பகுதி அது. புத்தர், அண்ணல் அம்பேத்கர், அன்னை தெரசா ஆகியோர் சிலைகளோடு அங்கு பீலேயின் சிலையும் நிற்கின்றது. உலகக் கோப்பைக் காலங்களில் அத்தெருக்கள் பிரேசில் நாட்டின் மஞ்சளும் பச்சையும் பூணும். கூரையும் இல்லை, நுழைவுச் சீட்டும் இல்லை. எனினும் அதுவே நம்மிடையே உள்ள ஆட்டப் பொருட்காட்சிச் சாலை என்போம். அறிவும் விடுதலையும் அன்பும் போற்றும் மக்கள், அவற்றின் அருகிலேயே ஆட்டத்திற்கும் ஓர் இடம் தந்தனர். வறுமையில் பிறந்து துணிப்பந்து உதைத்து உயர்ந்த பீலேயில் அவர்கள் தங்களைக் கண்டனர். அதில் வியப்பில்லை.

அச்சிலையைப் பார்த்து நிற்கையில், நம்மவர் பெயர்களை எங்கே எழுதப் போகிறோம் என்னும் எண்ணம் எழுந்தது. பீலேயின் புகழைக் காக்க உலகமே உண்டு. தன்ராஜுக்கும் வஜ்ரவேலுவுக்கும் அருமைநாயகத்திற்கும் நம்மையன்றி யார் உளர்?

ஏன் மறைந்தன?

இவ்வடையாளங்கள் மறைந்ததற்குக் காரணங்கள் உண்டு. சிறந்த ஆட்டக்காரர் பிழைப்பு நாடிக் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் சென்றனர். அவர்கள் வென்ற கேடயங்கள் அவ்வூர்க் கழகங்களுக்கு உரியவையாயின. மைசூர் மாநிலம் 1973-இல் கர்நாடகம் எனப் பெயர் மாற, பழைய சட்டையில் இருந்த எழுத்து இளையோர்க்கு அயலாயிற்று. எஞ்சிய பதக்கமும் நிழற்படமும் ஒண்டுக் குடித்தன வீடுகளின் டிரங்குப் பெட்டிகளில் கிடந்தன. வீடு இடித்து மாடி எழுப்பும்போது பெட்டி பழைய பேப்பர் கடைக்குப் போகின்றது. எவரும் வேண்டுமென்று அழிப்பதில்லை. படத்தில் இருப்பவர் இன்னார் என்று அறியாமையால் எறிகின்றனர்.

புகைவண்டி நிலையத்தில் பணிபுரியும் நமக்கு இது நன்கு விளங்கும். பயணி ஒருவர் மறந்துவிட்டுச் சென்ற குடைக்கும் எண் இட்டு, கிடைத்த வண்டி, நாள், இடம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி வைப்பது முறை. சீட்டுக் கிழிந்துபோன பார்சல், உள்ளே பொன் இருப்பினும், உரியவர் இல்லாப் பொருளே. பெயர் எழுதாத நிழற்படமும் அவ்வாறே. கல்லில் எழுத்து இருந்தமையால் பேகூர் வீரன் வாழ்கின்றான். எழுத்தில்லாக் கல்லில் துணி துவைப்பார்கள்.

நாம் செய்யத்தக்கவை

பெரும் மாளிகை வேண்டும் என்று அரசை எதிர்பார்த்திருத்தல் வேண்டா. நம் சங்கத்து வாசகசாலையில் பூட்டுடன் கூடிய ஒரு கண்ணாடி அலமாரி போதும். வீட்டிலுள்ள பழைய குழுப் படங்களை எடுத்து, ஆண்டில் முதிர்ந்தோரிடம் காட்டி, நிற்போர் அமர்ந்தோர் பெயர்களை இடமிருந்து வலமாகக் கேட்டெழுதுக. படத்தின் பின்புறம் மையால் எழுதினால் முகத்தில் ஊறும்; மெல்லிய பென்சிலால் எழுதுக. கொடுக்க மனமில்லாதவர் படத்திற்கு நகலெடுத்துக்கொண்டு மூலத்தை அவரிடமே தருக. ஒவ்வொரு பொருளுக்கும் எண், அளித்தவர், உரியவர், எந்த ஆண்டு, எந்தக் களம் என்னும் ஐந்து செய்திகளையும் ஒரு பதிவேட்டில் குறித்திடுக. அப்பதிவேட்டைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதுதல் நலம். ஏனெனில் இவ்வரலாறு நமக்கு மட்டும் உரியதன்று; ஒரே பந்தைப் பகிர்ந்து உதைத்த எல்லோர்க்கும் உரியது.

முதியோர் நாளும் குறைந்து வருகின்றனர். அகமது கான் 2017-ஆம் ஆண்டு மறைந்தார். பொருளைப் பின்னர்த் தேடலாம். பெயரைச் சொல்லும் வாய் மறைந்தபின் பெயரை எங்கே தேடுவது? ஆதலின் இப்பணிக்கு அவசரம் உண்டு.

ஆட்டம் இங்கு மாண்டுவிடவில்லை என்பதையும் மகிழ்ச்சியுடன் குறிப்பிட விரும்புகின்றோம். 2013-இல் தோன்றிய பெங்களூரு எப்.சி. அணி, அசோக்நகர்ப் பகுதியிலுள்ள காற்பந்து மைதானத்தில் ஆடித் தன் முதற் பருவத்திலேயே ஐ-லீக் பட்டத்தை வென்றது. 1968-69-க்குப் பின் கைக்கெட்டாதிருந்த சந்தோஷ் கோப்பையை, 2023-ஆம் ஆண்டு மார்ச்சு 4-ஆம் நாள், சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் மேகாலயாவை 3-2 என்று வென்று கர்நாடக அணி மீட்டது. இடையில் சென்றவை 54 ஆண்டுகள். அன்று ஆடிய இளைஞர்தம் சட்டை ஒன்றையேனும் இன்றே கேட்டுப் பெற்றால், அதற்குரிய பெயரும் நாளும் ஐயமின்றி எழுதப்படும்.

அடுத்த ஆண்டு விழாவிற்குள் அவ்வலமாரியில் பத்துப் படங்களாவது, பெயர்களுடன், இடம்பெற வேண்டும். சங்கத்து அன்பர்கள் தத்தம் இல்லத்துப் பெட்டிகளை இவ்வாரமே திறந்து பார்ப்பார்களாக.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!