பதிவேட்டில் ஒரு வரி: நேட்டாலுக்குப் போன ‘தனியாள்’ பற்றிச் சில குறிப்புகள்

மானம் கப்பலேறிவிட்டது என்று சொல்கிறோமே, அந்தச் சொலவடை எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. மானம் போச்சு என்றாலே போதும். அதை ஏன் கப்பலில் ஏற்றினார்கள்? ஏறியது திரும்பாது என்பது சொன்னவனுக்கும் கேட்டவனுக்கும் தெரிந்திருந்த ஒரு காலத்தில் அது பிறந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். அகராதிக்காரர்கள் மறுக்கலாம்.

கடல் தாண்டிப் போனவனைப் பற்றி நம்மிடம் இரண்டு கதையாடல்கள் உண்டு. ஒன்று, கடாரம் வென்றவன் பேரன் போனான் என்கிற மேடைப்பேச்சு. இன்னொன்று, பாவப்பட்ட ஜனம் அழுதுகொண்டே போனது என்கிற ஒப்பாரி. ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினாலும் இரண்டுக்கும் அடியில் இருக்கும் நம்பிக்கை ஒன்றுதான்: ஒரு ஆள் தனியாகப் புறப்படுகிறான், தனிமையில் வதைபடுகிறான், பிறகு கொஞ்சங்கொஞ்சமாக அந்த மண் அவனுக்குப் பழகிவிடுகிறது. தனிமையும் மன விஷயம், நிலைகொள்வதும் மன விஷயம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ‘தனியாள்’ என்பவன் மேசையில் உருவாக்கப்பட்டவன். அவன் ஓரிடத்தில் வேர்பிடித்தானா இல்லையா என்பதும் மேசையில்தான் முடிவானது. அந்த மேசையோடு நடந்த சண்டைதான் குடியேற்றத்தின் வரலாறு. பொதுவாகப் பேசிக்கொண்டிருப்பதைவிட நேட்டாலை எடுத்துக்கொள்கிறேன். மலேயாவுக்கும் இலங்கைக்கும் கங்காணி தன் உறவுக்காரர்களைக் கூட்டிப்போனான். நேட்டாலுக்குப் போனது ஒப்பந்தம், அதாவது காகிதம்.

1860 நவம்பர் 16இல் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைக்கு 342 பேரோடு வந்து சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை இந்தியாவிலிருந்து போனவர்கள் 1,52,184 பேர். இவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். ஏன் இவர்கள் தேவைப்பட்டார்கள்? கரும்புத் தோட்டம் போட்ட வெள்ளையருக்கு ஆள் கிடைக்கவில்லை. ஜூலு மக்களுக்கு நிலமும் மாடும் இருந்தன. அந்தக் கூலிக்கு அந்த வேலையைச் செய்ய அவர்கள் வர மறுத்தார்கள். இதை ஒரு ஓரமாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஆள் அங்கே போய் நின்றதே இன்னொருவன் மறுத்த இடத்தில்தான்.

ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பதிவேடு. சுரேந்திர பானா இந்தப் பதிவேடுகளை வைத்து 1991இல் ஒரு நூல் எழுதியிருக்கிறார். பதிவேட்டின் கட்டங்களைப் பாருங்கள்: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள அடையாளம். ஒரு வரிக்கு ஒரு ஆள். வட ஆற்காட்டுக் கிராமத்தில் ஒருத்தன் தனியாக இருக்கவே முடியாது. அவன் இன்னாருக்குப் பங்காளி, இன்னாருக்கு மாமன், இன்னாரிடம் கடன்பட்டவன், இன்ன சேரிக்காரன், இன்ன தெய்வத்துக்கு வரி கொடுக்கிறவன். இந்தப் பிணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்குப் பதிவேட்டில் கட்டமே கிடையாது. நெற்றித் தழும்புக்குக் கட்டம் உண்டு, மாமனுக்குக் கிடையாது. எழுதி முடித்ததும் அவன் தனியாள்.

இதை இழப்பு என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது நம் முற்போக்காளர்களுக்கு வழக்கம். மிராசுதாரிடம் படியாளாக இருந்தவனுக்குப் பங்காளியும் ஊரும் தெய்வமும் என்னவாக இருந்தன என்று அவர்கள் கேட்பதில்லை. அவனுக்குத் தனியாள் ஆவது தப்பித்தலாகவும் இருந்திருக்கும். ‘சாதி என்ன’ என்று குமாஸ்தா கேட்டபோது சொன்னதுதான் சாதி. சரிபார்க்க ஊரா வரப்போகிறது? தென்னாப்பிரிக்காவில் இன்று பிள்ளை, மூட்லி, கோவெண்டர், நாயுடு, படையாச்சி என்று குடும்பப் பெயர்கள் பெருகிக் கிடக்கின்றன. மூட்லி நம்ம முதலியார், கோவெண்டர் நம்ம கவுண்டர். இவர்களின் முப்பாட்டன் எல்லாரும் அந்தச் சாதியில்தான் பிறந்தார்கள் என்று நான் நம்பத் தயாரில்லை. நம்பாததில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் ஒன்று: சாதிப் பெயரை மாற்றிக்கொண்டவர்கள்கூடச் சாதி இல்லாத பெயரை வைத்துக்கொள்ளவில்லை. மேலே ஒரு படி ஏறினார்கள், ஏணி அங்கேயும் நின்றது.

பெண்கள் கதை வேறு. நூறு ஆணுக்கு நாற்பது பெண் கப்பலில் இருக்க வேண்டும் என்று இந்திய அரசு விதி வைத்தது. தோட்டக்காரனுக்குப் பெண்கள் வேண்டாம், புள்ளிவிவரத்துக்கு வேண்டும். ஆள்பிடிக்கிறவன் எங்கே போவான்? கைம்பெண்கள், புருஷன் விட்டுப்போனவர்கள், புருஷனை விட்டு வந்தவர்கள், பஞ்சத்தில் வீட்டை இழந்தவர்கள். ‘தனியாகப் போன பெண்’ என்றதும் இங்கே நாக்கில் வரும் வசவு எது என்று நமக்குத் தெரியும். தோட்ட முதலாளியும் அதையேதான் சொன்னான். இந்திய தேசியவாதியும் பிற்காலத்தில் ஒப்பந்தமுறையை எதிர்த்தபோது பாரத மாதாவின் கற்பு அங்கே கெட்டுப்போகிறது என்றுதான் வாதாடினான். அவளுக்குக் கொடுத்தது பாதிக் கூலி என்பது இரண்டு பேருக்கும் பெரிய விஷயமாகப் படவில்லை.

டர்பனில் இறங்கியதும் பிரித்தார்கள். ஒரே ஊரிலிருந்து சேர்ந்து வந்தவர்களும் வேறு வேறு எஸ்டேட்டுக்குப் போக நேர்ந்தது. ஐந்து வருஷ ஒப்பந்தம். முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங், பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் குற்றம். முறையிடப் போவதற்கே முறையிடப்படுகிறவனிடம் சீட்டு வாங்க வேண்டிய நிலை! கூலி என்ற சொல் எந்த மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது என்பதில் அறிஞர்களிடையே சண்டை உண்டு. எனக்குத் தோன்றுவது இதுதான்: தமிழில் கூலி என்றால் வேலைக்குக் கிடைப்பது, ஆளைச் சொல்லக் கூலிக்காரன், கூலியாள் என்று ஒரு ஒட்டு வேண்டும். நேட்டால் அந்த ஒட்டை வெட்டிவிட்டது. அங்கே கிடைக்கிற காசே ஆளின் பெயராயிற்று, வக்கீலாகப் போனாலும் கூலி வக்கீல்தான்.

இந்த நிலையில் ஜனம் என்ன செய்தது? முதலில் உறவைத் தயாரித்தது. ஒரே கப்பலில் வந்தவர்கள் உறவுமுறை சொல்லி அழைத்துக்கொண்டார்கள். இந்தி பேசியவர்கள் இதற்கு ‘ஜஹாஜி பாய்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள், கப்பல் சகோதரன். ரத்தத்தில் வராத அண்ணன் தம்பிகள் உண்டானார்கள். பொண்ணு கொடுத்து எடுத்தார்கள், ஊரில் கனவிலும் நடக்காத சம்பந்தங்கள் நடந்தன. அடுத்தது தெய்வம். எஸ்டேட்டில் விடுமுறை கிடையாது என்பதால் திருவிழாவைப் பஞ்சாங்கம் தீர்மானிக்கவில்லை, முதலாளியின் நாட்காட்டி தீர்மானித்தது. டர்பனுக்குத் தெற்கே இசிபிங்கோவில் இருக்கும் மாரியம்மன் கோயிலில் இன்றும் பெருங்கூட்டம் கூடுவது பெரிய வெள்ளியன்று. ஏசுவைச் சிலுவையில் அறைந்த நாள் வெள்ளைக்காரனுக்கு விடுமுறை. அதை நம்ம ஆத்தா எடுத்துக்கொண்டாள். அதேபோல மொகரம். இமாம் உசேனின் துக்க நாளில் இந்துத் தமிழர்களும் கூண்டு தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். ‘கூலிக் கிறிஸ்துமஸ்’ என்று வெள்ளையர்கள் கேலி பேசினார்கள். துக்கத்தைப் பண்டிகையாக்கிவிட்டார்களே என்று பிற்காலத்துச் சீர்திருத்தவாதிகள், இரண்டு மதத்திலும், வருத்தப்பட்டார்கள். ஆனால் அந்த ஒரு நாளில்தான் பல எஸ்டேட்டுக்காரர்கள் சாலையில் ஒன்றாக நடக்க முடிந்தது. தூய பண்பாட்டைப் பெட்டியில் வைத்துக் கடல் கடந்து கொண்டுபோனார்கள் என்று மலர்களில் எழுதுகிறவர்கள் இந்தப் பெரிய வெள்ளி மாரியம்மனை எந்தப் பெட்டியில் வைப்பார்கள்?

ஐந்து வருஷம் முடிந்த பிறகு நடந்ததுதான் முக்கியம். பத்து வருஷம் இருந்தால் ஊர் திரும்ப இலவசக் கப்பல். 1870 சட்டத்தின்படி அதற்குப் பதிலாகக் கொஞ்சம் நிலமும் கேட்கலாம், ஆனால் வாங்கினவர்கள் சொற்பம். பெரும்பாலானவர்கள் வாடகைக்கு நிலம் எடுத்தார்கள். காய்கறி போட்டார்கள், மீன் பிடித்தார்கள், தலையில் கூடை வைத்து வீடு வீடாக விற்றார்கள். 1885இல் அமைக்கப்பட்ட ராக் கமிஷன் டர்பன் மக்களுக்குக் காய்கறி கிடைப்பதே இவர்களால்தான் என்று ஒப்புக்கொண்டது. கூடவே வெள்ளையர்களின் எரிச்சலையும் பதிவுசெய்தது. வேலைக்கு ஆள் வேண்டும், அந்த ஆள் அண்டைவீட்டுக்காரன் ஆகிவிடக் கூடாது: அந்த எரிச்சலின் சாரம் இவ்வளவுதான்.

1891இல் நில வாய்ப்பை நீக்கினார்கள். 1893இல் நேட்டால் வெள்ளையருக்குத் தன்னாட்சி வந்தது. 1895இல் சட்டம்: ஒப்பந்தம் முடிந்தவன் திரும்பிப் போக வேண்டும், அல்லது மறுபடி ஒப்பந்தம் போட வேண்டும், இரண்டும் மாட்டேன் என்றால் வருஷத்துக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டும். முதலில் இருபத்தைந்து பவுன் கேட்டார்கள், வைஸ்ராய் எல்ஜின் மூன்றுக்குச் சம்மதித்தார், கருணை! கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று பவுன் என்பது அறுபது ஷில்லிங். பத்து ஷில்லிங் கூலிக்கு வந்தவனுக்கு அது ஆறு மாதச் சம்பளம். 1903இல் பதினாறு வயது பையனுக்கும் பதின்மூன்று வயது பெண்ணுக்கும் அதை நீட்டினார்கள். புருஷன், பெண்டாட்டி, ஒரு பையன், ஒரு பெண் உள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்குப் பன்னிரண்டு பவுன். தனியாக இருப்பதற்கு ஒரு விலை, குடும்பமாக இருப்பதற்கு நான்கு மடங்கு விலை. கட்ட முடியாதவன் மறுபடி ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தான்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்கிறவர்கள் சிங்கப்பூருக்கு ஒர்க் பெர்மிட்டில் போகும் நம் பையன்களின் விதிகளைப் படித்துப் பார்க்கலாம். குடும்பத்தை அழைத்துவர முடியாது. அந்நாட்டுப் பெண்ணைக் கட்டிக்கொள்ள அரசின் அனுமதி வேண்டும். நேட்டால் குடும்பத்துக்கு வரி போட்டது, இங்கே குடும்பத்துக்கு இடமே இல்லை. ‘அவன் அங்க தனியா கஷ்டப்படறான்’ என்று அம்மாக்கள் புலம்புகிறபோது அந்தத் தனிமை விதிமுறையில் அச்சடிக்கப்பட்டது என்பது யாருக்கும் உறைப்பதில்லை.

1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். பலதார மணத்தை அனுமதிக்கும் மத முறைப்படி நடந்த கல்யாணம் செல்லாது. வழக்கு ஒரு முஸ்லிம் பெண்ணுடையது. அடி எல்லார் மேலும் விழுந்தது. ஐம்பது வருஷமாகக் கட்டிய உறவுகள் காகிதத்தில் ஒரே நாளில் கழன்றன. பெண்டாட்டி பெண்டாட்டி இல்லை, பிள்ளை வாரிசு இல்லை. மறுபடியும் வரிக்கு ஒரு ஆள். அந்த வருஷம் அக்டோபரில் டிரான்ஸ்வாலிலிருந்து பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள் கொண்ட ஒரு குழு, சிலர் கைக்குழந்தையோடு, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்த் தொழிலாளிகளை வேலைநிறுத்தம் செய்யச் சொன்னது. வேலைநிறுத்தம் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது. காந்தியின் சத்தியாகிரகம் என்று பாடப்புத்தகம் இதைச் சுருக்கிவிடுகிறது. சுரங்கத்துக்குள் போய்ப் பேசியது யார் என்பது அடிக்குறிப்பில். வள்ளியம்மை சிறையில் நோய்ப்பட்டு வெளியே வந்து 1914 பிப்ரவரியில் இறந்தார். அவர் பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில், தில்லையாடி பெற்றோர் வழி ஊர். எழும்பூர் கோ-ஆப்டெக்ஸ் மாளிகைக்கு அவர் பெயர் வைத்தோம், அங்கே புடவை வாங்குகிறோம். 1914 சட்டம் மூன்று பவுன் வரியை நீக்கியது, ஒருதார மணத்தை ஏற்றது.

நிலைகொண்டாயிற்றா என்றால் இல்லை. 1927 கேப் டவுன் உடன்பாட்டின்படி திரும்பிப் போகச் சம்மதிக்கும் பெரியவருக்கு இருபது பவுன், குழந்தைக்குப் பத்து. வரி போட்டுத் துரத்த முடியாதவர்களைக் காசு கொடுத்துக் கிளப்பினார்கள். இந்திய அரசும் கையெழுத்துப் போட்டது. சென்னையில் இறங்கியவர்கள் என்ன ஆனார்கள் என்று பவானி தயாள் சன்யாசியும் பனாரசிதாஸ் சதுர்வேதியும் 1931இல் ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். காசு கரைந்தது, சாதிக்காரர்கள் சேர்க்கவில்லை, அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இந்த ஊர் பிடிபடவில்லை. மறுபடியும் எங்காவது கப்பலேற வழி தேடினார்கள். சொந்த ஊர் என்று சொல்லப்பட்ட இடத்தில்தான் அவர்கள் உண்மையிலேயே தனியாள் ஆனார்கள்.

ஓரமாக வைக்கச் சொன்னதற்கு வருகிறேன். குடியேறினோம் என்கிறோமே, யார் நிலத்தில்? 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கர்கள் இந்தியர்களின் கடைகளையும் வீடுகளையும் தாக்கினார்கள். செத்தவர் 142 பேர், அதில் ஆப்பிரிக்கர்களே அதிகம். வெள்ளையன் மூட்டிவிட்டான் என்று நம் தரப்பில் எழுதினார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் கேட்டோ மேனரில் ஆப்பிரிக்கனுக்குக் குடிசை வாடகைக்கு விட்டவனும், கடையில் அவனுக்குக் கடைசியாகச் சாமான் கொடுத்தவனும் வெள்ளையன் இல்லை. தன் உழைப்பால் வேர்பிடித்தவன் என்கிற பெருமைக்கு உள்ளே, உழைக்க மறுத்த சோம்பேறி என்று ஜூலுவைப் பார்க்கும் தோட்ட முதலாளியின் பார்வையும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. இதைச் சொன்னால் நம்மவர்களுக்கே கோபம் வருகிறது.

இந்தியர்கள் தென்னாப்பிரிக்க மக்கள்தொகையின் நிரந்தரப் பகுதி என்று அந்நாட்டு அரசு ஒப்புக்கொண்டது 1961இல். ட்ரூரோ வந்து 101 வருஷம் கழித்து. அதற்குள் 1950 குழுப் பகுதிச் சட்டம் வந்துவிட்டது. ஒப்புக்கொண்ட அதே பத்தாண்டில், தமிழும் தெலுங்கும் பேசிய நகராட்சித் தொழிலாளர்கள் தலைமுறைகளாக வாழ்ந்த டர்பன் மேகசின் பாரக்ஸைக் காலிசெய்து அவர்களைச் சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பினார்கள். கேட்டோ மேனர்க்காரர்களில் பலரும் அங்கேதான் போனார்கள். சாட்ஸ்வர்த்தின் பகுதிகளுக்கு அதிகாரிகள் எண் கொடுத்திருந்தார்கள்: யூனிட் 1, யூனிட் 2, யூனிட் 3.