முயலகனும் வரைபடமும்

முயலகன் என்பது தமிழில் ஒரு நோயின் பெயரும்கூட. நடராஜரின் காலடியில் கிடக்கும் அந்தக் குள்ளனை வடமொழி அபஸ்மாரன் என்கிறது. நினைவழிதல் என்று பொருள். ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் பாச்சிலாச்சிராமத்தில் கொல்லிமழவன் மகளின் முயலகனைப் பதிகம் பாடித் தீர்த்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. நோய் வெளியிலிருந்து வந்து பிடிப்பது. எனவே அது போய்விட்டால் பெண் முழுசாக மீண்டுவிடுகிறாள். மயிலாப்பூர்த் தெருவில் வலிப்பு கண்டு விழுந்தவன் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பவரிடம் மிஞ்சியிருப்பதும் இந்த எண்ணம்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் ஹியூலிங்ஸ் ஜாக்ஸன் நோய்க்கு மூளைக்குள் ஓர் இடம் கொடுத்தார். சாம்பல்நிறப் பொருளில் எங்கோ ஓரிடத்தில் திடீரென்று நிகழும் மிகையான வெளியேற்றமே வலிப்பு என்றார். அந்த இடத்தைத் தேடி வெட்டியெடுக்கும் கலையை மான்ட்ரீயாலில் பென்ஃபீல்ட் வளர்த்தார். அங்கே பயின்ற ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூருக்கு வந்தார். 1950இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி நரம்பு அறுவைச் சிகிச்சையைத் தொடங்கினார். பிற்காலத்தில் அடையாறு வி.எச்.எஸ். மருத்துவமனையிலும் அதற்கொரு மையம் அமைத்தார். 1971இல் லண்டனில் முதல் நோயாளியைப் படமெடுத்த சி.டி. ஸ்கேனும் இடத்தைத் தேடிய கருவிதான். தழும்போ கட்டியோ இருந்தால் காட்டியது. இல்லாதவரின் படம் சுத்தமாக இருந்தது. அவர் விழுவது மட்டும் நிற்கவில்லை.

1990இல் ஸெய்ஜி ஒகாவா ரத்தத்தின் பிராணவாயு மாற்றத்தைக் கொண்டு மூளையின் இயக்கத்தைக் காந்தப் படத்தில் பிடிக்க வழி காட்டினார். 1995இல் பரத் பிஸ்வாலும் சகாக்களும், எதுவும் செய்யாமல் படுத்திருப்பவர்களின் மூளையில் வலது இடது இயக்கப் பகுதிகள் ஒரே லயத்தில் ஏறி இறங்குவதைக் கண்டார்கள். அதுவரை இரைச்சல் என்று கழித்துவிட்டதற்குள் ஓர் உறவு இருந்தது. வலிப்பு நோயாளிகளை இப்படிப் படமெடுத்தபோது, வலிப்பில்லாத வேளையிலும், நோய் தொடங்கும் இடத்துக்கு வெகுதூரத்திலும் இந்த உறவுகள் மாறியிருப்பது தெரியவந்தது. இடம் என்ற கருத்து தளர்ந்து வலைப்பின்னல் என்ற கருத்து வந்தது.

அர்த்தம் சொல்லில் இல்லை, சொற்களின் உறவில் இருக்கிறது என்று ஸஸூரைப் படித்தவர்களுக்கு இது சுலபமாகப் பிடித்துப்போகும். அதனாலேயே நிதானம் வேண்டும். படம் காட்டுவது மின்சாரத்தை அல்ல, ரத்தத்தை. மூளையின் மின்பாய்ச்சல் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவானது. ரத்தம் சில விநாடிகள் பிந்துகிறது. இரண்டு பகுதிகள் சேர்ந்து ஏறி இறங்கினால் அவற்றுக்கிடையே நேரடி இழை உண்டு என்றாகிவிடாது. பலரின் சராசரியிலிருந்து ஒருவரைப் படிப்பதும் எளிதல்ல.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்றுண்டு. முயலகன் போனபின் பெண்ணுக்குக் குறையில்லை. ஜாக்ஸனின் வெளியேற்றமும் அடங்கிவிடும். வலைப்பின்னலோ, விழாத நேரத்திலும் இவன் வேறு மாதிரி என்கிறது. 1976இல் திருத்திய இந்து திருமணச் சட்டமும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது: திரும்பத் திரும்ப வலிப்பு வருபவரின் திருமணத்தை ரத்துசெய்யக் கோரலாம் என்றது. பைத்தியத்தோடு சேர்த்து எழுதியிருந்த வலிப்பு என்ற சொல்லை 1999இல்தான் நீக்கினார்கள். எந்தப் படமும் அதை நீக்கவில்லை. மனிதர்கள் வாதாடி நீக்கினார்கள்.

எங்கே வெட்டலாம், எங்கே கூடாது என்று அறுவை மருத்துவர் தீர்மானிக்க இந்தப் படம் உதவட்டும். ஜாதகக் கட்டங்களுக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுவந்து வைக்க மட்டும் விடக்கூடாது.