எது கொன்றது, யார் பொறுப்பு: ஆங்கிலக் கிராமத்து விவசாயியின் விபத்துச் சாவும் சட்டத்தின் பார்வையும்

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் ஒரு விவசாயி தன் சொந்த நிலத்தில், தன் சொந்த டிராக்டருக்கு அடியில் சிக்கி இறந்துபோகிறார். காவல்துறை வருகிறது. எச்.எஸ்.இ. என்ற பணியிடப் பாதுகாப்பு அமைப்பின் ஆய்வாளர் வருகிறார். மாதங்கள் கழித்து கொரோனர் என்னும் மரண விசாரணை அதிகாரி விசாரணை நடத்தி, ‘விபத்து’ என்று முடிவு எழுதுகிறார். இறந்தவர் யார், எங்கே, எப்போது, எப்படி இறந்தார் என்பவையே அவர் விடை காணவேண்டிய கேள்விகள். இன்னார் குற்றவாளி என்றோ இன்னார் இழப்பீடு தரவேண்டியவர் என்றோ பொருள்படும்படி முடிவை எழுதக்கூடாது என்பது 2009ஆம் ஆண்டின் கொரோனர் சட்டம் விதிக்கும் வரம்பு. இறந்தவர் தனக்குத் தானே முதலாளி. வழக்குத் தொடர வேறு ஆள் இல்லாததால் கோப்பு பெரும்பாலும் அத்துடன் மூடப்படும்.

இந்த முடிவில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் விசாரிக்கவேண்டியது பாதிக்குமேல் அதற்கு வெளியே நின்றுவிடுகிறது. ஆங்கிலச் சட்டம் ‘எது கொன்றது’ என்று கேட்ட காலமும் உண்டு, ‘யார் பொறுப்பு’ என்று கேட்ட காலமும் உண்டு. இரண்டாவது கேள்வி முதலாவதைத் தள்ளிவிட்டு முன்னே வந்தபோது, தன் நிலத்தில் தானே உழைக்கும் விவசாயி சட்டத்தின் பார்வையிலிருந்து மறைந்துபோனார். கருவியின் மீது சட்டம் மீண்டும் கண்வைத்த அரிதான தருணங்களில்தான் உயிர்கள் காப்பாற்றப்பட்டன. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிக்கலின் அளவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரிட்டனில் உழைக்கும் மக்களில் ஏறக்குறைய 1 விழுக்காட்டினரே விவசாயத்தில் இருக்கிறார்கள். பணியிடச் சாவுகளிலோ ஐந்தில் ஒரு பங்களவு அங்கேதான் நிகழ்கிறது. ஓடும் வண்டி மோதுவது, மாடு முட்டி மிதிப்பது, கொட்டகைக் கூரை உடைந்து விழுவது, பாரம் சரிந்து நசுக்குவது என்று காரணங்கள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை. இறப்பவர்களில் கணிசமானோர் அறுபதைத் தாண்டியவர்கள். இங்கிலாந்தில் பண்ணை நடத்துவோரில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் 65 வயதைக் கடந்தவர்கள் என்பதை இதனுடன் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

கொரோனர் பதவி 1194இல் உருவானது. அக்காலத்தில் ஒருவர் திடீரென்று இறந்தால், உடலை முதலில் கண்டவர் கூக்குரல் எழுப்பவேண்டும். சுற்றியுள்ள நான்கு ஊர்களின் ஆட்கள் கூடவேண்டும். உடலை அவர்கள் கண் முன்னால் வைத்து விசாரணை நடக்கும். அப்போது கேட்கப்பட்டவற்றில் ஒரு கேள்வி இன்று நமக்கு விசித்திரமாகத் தோன்றலாம்: சாவுக்குக் காரணமான பொருள் எது, அதன் மதிப்பு என்ன? அந்தப் பொருளுக்கு டியோடண்ட் என்று பெயர். கடவுளுக்குச் சேரவேண்டியது என்ற கருத்தில் அது அரசனுக்கோ, அரசனிடம் அந்த உரிமையைப் பெற்ற நிலப்பிரபுவுக்கோ பறிமுதலாகும். பொருளின் உரிமையாளர் குற்றம் செய்தாரா இல்லையா என்பதை யாரும் கேட்கவில்லை. அசையாமல் நின்ற வண்டியின் சக்கரத்தில் ஏறியவர் தவறி விழுந்து இறந்தால் அந்தச் சக்கரம் மட்டுமே பறிமுதல். ஓடும் வண்டி ஏறி இறந்தால் வண்டி, குதிரைகள், ஏற்றிய பாரம் எல்லாம் சேர்ந்து போகும். சாவை நோக்கி அசைந்தது எதுவோ அதுவே பொருட்டு. இந்தப் பாகுபாட்டில் ஒரு பொறியாளரின் கண் இருக்கிறது. நின்ற பொருளின் ஆபத்தும் ஓடும் பொருளின் ஆபத்தும் ஒன்றல்ல என்பதை அந்த ஊரார் அறிந்திருந்தார்கள்.

டியோடண்டைக் கருணைமிக்க ஏற்பாடு என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்காரனைக் கொன்ற வண்டி அவன் வீட்டு வண்டியாகவே இருந்தால், இழவு விழுந்த வீடு உழவுக்கான வண்டியையும் இழக்கும். விசாரணைக்கு வந்த ஜூரிகள் அண்டை ஊர்க்காரர்கள். நல்ல வண்டிக்கும் அவர்கள் அற்ப விலை குறித்ததற்கு இந்த இரக்கமும் ஒரு காரணமாக இருந்திருக்கும். 19ஆம் நூற்றாண்டு நெருங்கியபோது பல வழக்குகளில் தொகை ஒரு ஷில்லிங் அளவுக்கு இறங்கி வெறும் சடங்காகிவிட்டது. ஆனாலும் அந்தச் சடங்கு நமக்கு விட்டுச்சென்ற ஆவணங்கள் அருமையானவை. பார்பரா ஹனவால்ட் இடைக்கால உழவர் குடும்ப வாழ்வை இந்தக் கொரோனர் சுருள்களிலிருந்து எழுதிக்காட்டினார். டியூடர் காலத்து விபத்துச் சாவு விசாரணைகளை ஸ்டீவன் கன் ஆயிரக்கணக்கில் தொகுத்து ஆராய்ந்திருக்கிறார். எந்தக் குளத்தில் தண்ணீர் மொள்ளப் போனார், வண்டியில் ஏற்றியிருந்தது என்ன, ஏணி எப்படிச் சரிந்தது என்ற விவரங்களை அந்த ஊரார் பதிய வைத்தார்கள். பொருளுக்கு விலை சொல்லவேண்டியிருந்ததால் பொருளைக் கூர்ந்து பார்க்கவேண்டியிருந்தது. இன்றைய முடிவுப் படிவத்தில் ‘விபத்து’ என்ற ஒற்றைச் சொல்லே போதும்.

இந்த ஆவணங்களைப் பயன்படுத்துவோர் ஓர் எச்சரிக்கையை மறக்கக்கூடாது. தற்கொலை என்று முடிவானால் இறந்தவரின் உடைமை அரசுக்குப் போகும் என்ற நிலை 1870 வரை இருந்தது. தற்கொலை 1961 வரை குற்றமாகவும் இருந்தது. எனவே விபத்து என்று எழுதப்பட்டவற்றில் சில, குடும்பத்தைக் காக்க அண்டை அயலார் விரித்த போர்வையாக இருக்க இடமுண்டு. துப்பாக்கியுடன் வேலி தாண்டும்போது குண்டு பாய்ந்தது என்ற வகைப் பதிவுகளை அப்படியே எண்ணிக்கையில் சேர்த்துவிட முடியாது.

ரயில் வந்ததும் டியோடண்டின் கதை திடீரென்று மாறியது. 1841 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் சானிங் என்ற இடத்தில் மண் சரிவில் ரயில் மோதி, திறந்த பெட்டிகளில் பயணம் செய்த தொழிலாளர்கள் இறந்தார்கள். ஜூரிகள் எஞ்சினுக்கும் பெட்டிகளுக்கும் 1000 பவுண்ட் டியோடண்ட் விதித்தார்கள். ஒரு ஷில்லிங் சடங்கு நிறுவனங்களின் பெட்டகத்தை நோக்கித் திரும்பிவிட்டது. 1846 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இரு சட்டங்களை அடுத்தடுத்து இயற்றியது. ஒன்று டியோடண்டை ஒழித்தது. மற்றொன்று, லார்ட் கேம்பல் கொண்டுவந்த சட்டம், பிறருடைய தவறால் ஒருவர் இறந்தால் அவர் குடும்பம் இழப்பீடு கேட்க வழிசெய்தது. சட்ட வரலாற்று நூல்கள் இதை மூடநம்பிக்கையிலிருந்து பகுத்தறிவுக்கு நடந்த முன்னேற்றமாகப் பாராட்டுகின்றன. ரயில் பயணியின் குடும்பத்துக்கு அது முன்னேற்றமே. விவசாயியின் மனைவிக்கு என்ன கிடைத்தது? தன் வண்டியை ஓட்டித் தானே விழுந்து இறந்தவனின் சாவில் ‘பிறர் தவறு’ என்று காட்ட எதுவுமில்லை. பொருளைக் கேட்கும் கேள்வி போயிற்று. அதன் இடத்தில் வந்த ஆளைக் கேட்கும் கேள்வியில் இவளுக்கு இடமில்லை.

பின்னால் வந்த தொழிலாளர் சட்டங்களும் இதே தடத்தில் சென்றன. அவற்றுக்கு முன்பே, 1837இல் பிரீஸ்ட்லி எதிர் ஃபவுலர் வழக்கில், பாரம் மிகுந்த வண்டி உடைந்து காயமடைந்த வேலைக்காரர் முதலாளியிடம் இழப்பீடு பெற முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. அந்தச் சுவரை உடைக்க அரை நூற்றாண்டுக்குமேல் ஆயிற்று. 1897இன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் விவசாயத்தை வெளியே நிறுத்தியது. 1900இல்தான் பண்ணைக் கூலிகள் உள்ளே வந்தார்கள். 1956இன் விவசாயப் பாதுகாப்புச் சட்டமும் முதன்மையாகக் கூலிக்கு வேலை செய்வோரையே நோக்கியது. ஒவ்வொன்றும் போராடிப் பெற்றது, ஒவ்வொன்றும் வேண்டியது. ஆனால் முதலாளி, வேலையாள் என்ற இருவர் இல்லாத இடத்தில் இவற்றுக்குப் பெரிதாக வேலையில்லை.

இடையில் 1878இல் ஒரு சிறு சட்டம் வேறு வழி காட்டியது. நீராவியால் ஓடும் கதிரடிக்கும் இயந்திரங்கள் அப்போது பண்ணைக்குப் பண்ணை வாடகைக்குப் போய்க்கொண்டிருந்தன. இயந்திரத்தின் உச்சியில், சுழலும் உருளையின் வாய்க்கு அருகிலேயே நின்று, கட்டை அறுத்துக் கதிரை உள்ளே ஊட்டவேண்டும். பலகை வைக்கோலால் வழுக்கும். கால் தவறினால் கால்தான் கதிர். உருளைக்கும் ஊட்டுவாய்க்கும் காப்பு இருக்கவேண்டும் என்று அந்தச் சட்டம் ஆணையிட்டது. மேலே நிற்பவர் கூலியா, பண்ணைக்காரரின் மகளா, பண்ணைக்காரரேயா என்று காப்புப் பலகை பார்ப்பதில்லை.

டிராக்டரின் வரலாற்றில் இந்த உண்மை இன்னும் தெளிவாகத் துலங்குகிறது. ஃபோர்ட்சன் டிராக்டரில் ஏர் ஒரு வேரிலோ பாறையிலோ சிக்கினால் பின்சக்கரம் நகராது, எஞ்சினின் விசை மட்டும் நிற்காது. சக்கரம் சுழல முடியாதபோது அச்சைச் சுற்றி வண்டியின் உடலே சுழலும். முன்பகுதி எழும்பி, ஓட்டுபவர் கிளட்சை மிதிக்கும் முன்பே பின்னோக்கிக் கவிழ்ந்து அவரை நசுக்கும். ஹாரி ஃபெர்குசன் வடிவமைத்த மும்முனை இணைப்பு, ஏரின் இழுவிசையையே முன்பகுதியைக் கீழே அழுத்தும் விசையாக மாற்றி இந்த ஆபத்தைக் குறைத்தது. கவெண்ட்ரியில் 1946 முதல் 1956 வரை தயாரான டி.இ.20 என்ற சாம்பல்நிற ஃபெர்குசன் ஐந்து லட்சத்துக்கு மேல் உருவாகி ஆங்கிலக் கிராமங்களில் குதிரையை ஓய்வுக்கு அனுப்பியது. பின்னோக்கிக் கவிழ்வது குறைந்தாலும், மேட்டுநிலச் சரிவுகளில் பக்கவாட்டில் உருளும் ஆபத்து அப்படியே இருந்தது. ஓட்டுபவரின் தலைக்குமேல் இருந்தது வானம் மட்டுமே.

சுவீடன் 1959இலேயே புது டிராக்டர்களில் கவிழ்வுக்காப்புச் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. பிரிட்டனின் 1967ஆம் ஆண்டு விதிகள், 1970 செப்டம்பர் முதல் விவசாயத்துக்கு விற்கப்படும் புது டிராக்டர்களில் பாதுகாப்புக் கேபின் இருக்கவேண்டும் என்றன. கூலியாட்கள் ஓட்டும் பழைய டிராக்டர்களுக்கு 1977 வரை அவகாசம் தந்தன. இந்த இரண்டு கட்டளைகளும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. 1977இன் கட்டளை முதலாளி–வேலையாள் உறவைப் பற்றிக்கொண்டு நடந்தது. தன் பழைய ஃபெர்குசனைத் தானே ஓட்டிய விவசாயி அதன் எல்லைக்கு வெளியே நின்றார். 1970இன் கட்டளையோ விற்பவரின் வாசலில் நின்றது. புது டிராக்டர் வாங்கியவர் எவராயினும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், கேபின் அவருடன் வீட்டுக்கு வந்தது. 1960களில் டிராக்டர் கவிழ்ந்து ஆண்டுக்குச் சில பத்துப் பேர் இறந்துகொண்டிருந்தார்கள். இன்று அவ்வகைச் சாவுகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு இறங்கிவிட்டன. எந்தப் பிரச்சாரமும் இதைச் செய்யவில்லை; இரும்புச் சட்டகம் செய்தது.

1974இன் பணியிடப் பாதுகாப்புச் சட்டம் சுயமாகத் தொழில் செய்வோரையும் உள்ளே கொண்டுவந்தது. எப்படிக் கொண்டுவந்தது என்பதுதான் கவனிக்கவேண்டியது. தன்னையும் பிறரையும் ஆபத்துக்கு உள்ளாக்காமல் தொழில் நடத்தவேண்டிய கடமை அவர்மீது சுமத்தப்பட்டது. தனியாக வேலை செய்து இறந்தவரின் விஷயத்தில், கடமையை மீறியவரும் இறந்தவரும் ஒருவரே. அதே சட்டத்தின் 6ஆம் பிரிவு கருவியை வடிவமைப்பவர், தயாரிப்பவர், விற்பவர் ஆகியோரின் கடமையைப் பேசுகிறது. விவசாயியின் சாவைப் பொறுத்தவரை முதன்மை பெறவேண்டியது இந்தப் பிரிவே என்று நான் கருதுகிறேன்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கருவியைக் குறிவைத்தால் வறுமையும் முதுமையும் தனிமையும் பார்வையிலிருந்து நழுவிவிடும். நாற்பது வருடப் பழைய வண்டியை ஒருவர் ஓட்டுவது அறியாமையால் அல்ல, பால் விலை கட்டுப்படியாகாததால். இந்த மறுப்பின் முதல் பாதியை நான் ஏற்கவில்லை, இரண்டாம் பாதியை முழுமையாக ஏற்கிறேன். விற்பனையைக் கட்டுப்படுத்தும் விதி, புதிதாக வாங்க வசதியில்லாதவரைப் பல ஆண்டுகள் கழித்தே சென்றடையும். அந்த இடைவெளியில்தான் சிறு பண்ணைக்காரர்கள் இறந்தார்கள். அதற்கு விடை பழைய வண்டிக்குச் சட்டகம் பொருத்தப் பொதுப்பணம் தருவது. ஆளைப் பார்த்துக் கவனமாக இரு என்று சொல்வது வறுமைக்கும் விடையாகாது, முதுமைக்கும் விடையாகாது. கைப்பிரேக்கைப் போடு, கட்டுப்பாடுகளை நடுநிலைக்குக் கொண்டுவா, எஞ்சினை அணை, சாவியை எடு என்று எச்.எஸ்.இ. கற்பிக்கும் ஒழுங்கு முற்றிலும் சரியானது. மழைமேகம் திரண்டிருக்கும் வைக்கோல் பருவத்து மாலையில், மூட்டுவலியோடு ஒரு நாளில் எத்தனையோ தடவை வண்டியிலிருந்து இறங்கி ஏறும் எழுபது வயதுக்காரர் அந்த நான்கையும் ஒவ்வொரு தடவையும் தவறாமல் செய்யவேண்டும் என்பதில்தான் சிக்கல். ஓட்டுபவர் இருக்கையை விட்டு எழுந்தால் சக்கரம் தானே பூட்டிக்கொள்ளும்படி செய்வது வடிவமைப்பாளரின் வேலை.

நான்குசக்கர மோட்டார்பைக்குகள் இன்று இதே கேள்வியை எழுப்புகின்றன. ஆட்டுக்கிடை பார்க்கவும் வேலி பார்க்கவும் மலைப்பகுதிப் பண்ணைகள் இவற்றையே நம்பியிருக்கின்றன. பிரிட்டனில் இவற்றால் ஆண்டுக்குச் சராசரியாக இருவர் இறக்கிறார்கள். ஆஸ்திரேலியா 2021 அக்டோபர் முதல், பண்ணை வேலைக்கு விற்கப்படும் புது வண்டிகளில் ஓட்டுபவர் நசுங்காமல் காக்கும் வளைவுச் சட்டகத்தைக் கட்டாயமாக்கிவிட்டது. பிரிட்டன் தலைக்கவசத்தையும் பயிற்சியையும் வலியுறுத்துவதோடு நிற்கிறது. காலால் கவ்வி அமர்ந்து, உடலைச் சாய்த்து ஓட்டும் வண்டியில் சட்டகமே ஆபத்தாகலாம் என்பது அங்குள்ள வாதம். அந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்கத் தக்க ஆதாரம் ஒவ்வொரு சாவின் விசாரணையிலும் கிடைக்கிறது: வண்டி எந்தச் சரிவில், எந்தப் பக்கமாக, எவ்வளவு பாரத்தோடு உருண்டது, ஓட்டுபவர் அதன் எந்தப் பகுதிக்கு அடியில் கிடந்தார்.

இந்த ஆதாரத்தைப் பயன்படுத்தப் புதிய சட்டம் தேவையில்லை. வருங்காலச் சாவைத் தடுக்க நடவடிக்கை வேண்டும் என்று கருதும் கொரோனர், அதை எடுக்க வல்லவர்களுக்கு அறிக்கை அனுப்பியே தீரவேண்டும் என்பது நடைமுறையில் உள்ள சட்டம். பெற்றவர் 56 நாட்களுக்குள் பதிலளிக்கவேண்டும். அந்த அறிக்கை வண்டியைத் தயாரித்த நிறுவனத்துக்கும், அதன் விற்பனை விதிகளை எழுதும் அரசுத்துறைக்கும் போகலாம். போவதற்கு முன்பு விசாரணை அறையில், இறந்தவரின் கவனத்தைப் பற்றிக் கேட்கும் அதே பொறுமையுடன், அவர் ஓட்டிய வண்டியைப் பற்றியும் கேட்கவேண்டும்.