திரும்பி வராத வைத்தியர்

சென்ற தவணையில் ஒருநாள் உயர்தர வகுப்பு மாணவரிடம் ஒரு வினாவை எழுப்பினேன். பிறநாட்டு மக்களின் துயர் தீர்க்கக் கடல் கடந்து சென்ற வைத்தியர் எவரையேனும் அறிவீர்களா என்பதே அவ்வினா. ஆபிரிக்காவுக்குச் சென்ற சுவைட்சரின் பெயரை ஒருவர் கூறினார். வைத்தியரல்லர் எனினும் நைற்றிங்கேல் அம்மையாரின் பெயரை மற்றொருவர் கூறினார். ஆசியாவின் ஒரு நாட்டிலிருந்து இன்னோர் ஆசிய நாட்டுக்குச் சென்ற ஒருவரின் பெயர்தானும் அவ்வகுப்பில் எழவில்லை. குறை மாணவருடையதன்று. உதவி என்பது செல்வ நாடுகளிலிருந்து வறிய நாடுகளை நோக்கியே பாயும் என்னும் எண்ணத்தை நமது கல்வி நெடுங்காலமாக வளர்த்து வந்திருக்கிறது. அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கிய வரலாறு ஒன்றை இங்கு நினைவுகூர விரும்புகிறேன்.

1937 ஆம் ஆண்டு யூலை 7 ஆம் நாள் யப்பானிய ஏகாதிபத்தியம் சீனாவின் மீது முழு அளவிலான போரைத் தொடுத்தது. நகரங்கள் எரிந்தன, காயமுற்றோர் வயல்களிலும் வழிகளிலும் கிடந்து மடிந்தனர். எட்டாவது மார்க்கச் சேனையின் தளபதி சூ தே, அவ்வாண்டின் இறுதியில் இந்தியத் தலைவர் ஜவாகர்லால் நேருவுக்குக் கடிதம் எழுதி மருத்துவ உதவி கோரினார். அன்று இந்தியா தானே பிரித்தானியரின் அடிமை நாடு. மருந்துக்கும் வைத்தியருக்கும் அந்நாட்டிலேயே பெரும் பஞ்சம். அத்தகைய நாட்டிடம் உதவி கேட்டதும், அந்நாடு அதற்கு இசைந்ததுமே இவ்வரலாற்றின் தனிச்சிறப்பாகும்.

1938 இல் காங்கிரசின் தலைவராக விளங்கிய சுபாஸ் சந்திரபோஸ் மக்களிடம் வேண்டுகோள் விடுத்தார். ஏறக்குறைய 22,000 ரூபா திரண்டது. அரசு ஒன்றின் கருவூலத்திலிருந்து வந்த பணமன்று அது. அந்நிய ஆட்சியின் கீழ் வாழ்ந்த மக்கள் மனமுவந்து ஈந்த பணம். ஐந்து வைத்தியர்கள் தொண்டர்களாக முன்வந்தனர். ஸ்பானிய உள்நாட்டுப் போரில் குடியரசின் பக்கம் நின்று பணியாற்றிய அலகபாத் வைத்தியர் அடல் தலைமை தாங்கினார். நாகபுரியைச் சேர்ந்த சோல்கர், கல்கத்தாவைச் சேர்ந்த பாசு, முகர்ஜி, சோலாப்பூரைச் சேர்ந்த துவாரகநாத் கோட்னிஸ் ஆகியோர் ஏனைய நால்வர். கோட்னிசுக்கு அப்போது வயது இருபத்தேழு. பம்பாயில் மருத்துவக் கல்வியை முடித்திருந்த அவருக்கு முன்னே, நடுத்தர வர்க்கத்து இளைஞர் ஒவ்வொருவரும் விரும்பும் வளமான வாழ்வு காத்திருந்தது.

1938 செப்டெம்பர் 1 ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்திலிருந்து அவர்களது கப்பல் புறப்பட்டது. அம்மாதம் 17 ஆம் நாள் கன்டன் நகரை அடைந்தபொழுது, சன் யாட் சென்னின் துணைவியார் சுங் சிங் லிங் அவர்களை வரவேற்றார். அடுத்த மாதமே கன்டனும் ஊகான் நகரும் எதிரியின் கைப்பட்டன. பின்வாங்கும் மக்கள் வெள்ளத்தோடு வைத்தியர்களும் உள்நாடு நோக்கிச் சென்றனர். வழியிலே கோட்னிசின் தந்தையார் காலமான செய்தி வந்தது. வீடு திரும்புமாறு நண்பர் கூறினர்; அவர் திரும்பவில்லை. 1939 பெப்ருவரி 12 ஆம் நாள் யெனானை அடைந்து, செஞ்சேனையின் வைத்தியசாலையிற் பணியைத் தொடங்கினர். ஐவரும் தத்தம் பெயரின் ஈற்றிலே சீனாவைக் குறிக்கும் 'குவா' என்னும் சொல்லைச் சேர்த்துக்கொண்டனர். கோட்னிஸ், கே டி குவா ஆனார்.

இவர்கள் செல்லுமுன்னரே வடசீன மலைப்பகுதியில் இன்னோர் அந்நியர் பணியாற்றிக்கொண்டிருந்தார். கனடாவின் நோர்மன் பெத்யூன், நெஞ்சறைச் சத்திரசிகிச்சையிற் புகழ்பெற்ற நிபுணர். காசநோயின் மூலம் கிருமி மட்டுமன்று, வறுமையுமே என்று கண்டு பொதுவுடைமை இயக்கத்தில் இணைந்தவர். ஸ்பெயினிலே இரத்தத்தைப் போர்முனைக்கே கொண்டுசென்று ஏற்றும் முறையை ஒழுங்கமைத்தவர். 1938 இல் சீனா வந்த அவர், காயமுற்றவர் வைத்தியரைத் தேடி வரும்வரை காத்திராது வைத்தியரே காயமுற்றவரைத் தேடிச் செல்லவேண்டுமென வற்புறுத்தினார். குடியானவர் எருச் சுமக்கும் கூடையைக் கண்டு, கோவேறு கழுதையின் முதுகில் ஏற்றிச்செல்லத்தக்க மருந்துக் கூடை ஒன்றை அமைத்தார். ஒரு சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வேண்டியன யாவும் அதில் அடங்கின. 1939 ஏப்பிரலில் ஒரு சமரின்போது 69 மணி நேரத்தில் 115 பேருக்குச் சத்திரசிகிச்சை செய்தார். அவ்வாண்டின் ஒக்டோபர் இறுதியில், சத்திரசிகிச்சையின்போது அவரது விரலிற் சிறு வெட்டுக்காயம் ஏற்பட்டது. நஞ்சு குருதியிற் பரவ, நவம்பர் 12 ஆம் நாள் ஒரு சிற்றூரில் உயிர் நீத்தார்.

இந்திய வைத்தியர்களில் முகர்ஜியும் சோல்கரும் 1939 இலும், அடல் 1940 இலும் தாயகம் திரும்பினர். திரும்பியோரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. நோயும் பிற காரணங்களும் இருந்தன. பாசுவும் கோட்னிசும் தங்கினர். பெத்யூன் பணிபுரிந்த மலைப்பகுதிக்குச் சென்ற கோட்னிஸ், 1941 யனவரியில் பெத்யூன் சர்வதேச சமாதான வைத்தியசாலையின் முதற் பணிப்பாளர் ஆனார். வைத்தியசாலை என்றதும் வெண்சுவர்க் கட்டடம் ஒன்றை நாம் கற்பனை செய்யலாகாது. குடியானவர் வீடுகளே நோயாளர் விடுதிகள். பகைவர் நெருங்குந்தோறும் யாவற்றையும் சுமந்துகொண்டு வேற்றூருக்குச் செல்லவேண்டும். கட்டுத்துணியைத் துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தவேண்டும். அவர் தோல் நிறத்தையும் பரிவையும் ஒருங்கே கண்ட போர்வீரர் அவரைக் 'கறுப்புத் தாய்' என அழைத்தனர் என்பர்.

எனினும், இவ்விருவரின் உண்மையான சாதனை அவர்கள் செய்த சத்திரசிகிச்சைகளின் தொகையில் அடங்கியதன்று. அவர்கள் கற்பித்தார்கள். குடியானவரின் பிள்ளைகளைத் தாதியராகவும் உதவி வைத்தியராகவும் ஆக்கும் பணியைப் பெத்யூன் தொடங்கினார், கோட்னிஸ் தொடர்ந்தார். அதற்கு மொழி இன்றியமையாதது என உணர்ந்து சீனமொழியைப் பேசவும் எழுதவும் பயின்றார். அம்மொழியிலேயே விரிவுரை நிகழ்த்தினார். மாணவருக்காகச் சத்திரசிகிச்சைப் பாடநூல் எழுதினார். அந்நிய வைத்தியர் போனபின் மக்கள் எதைத் தாமாகச் செய்ய வல்லவராகின்றனர் என்பதே அத்தொண்டினை அளக்கும் கோல். அவ்வாறன்றி, என்றென்றும் வேண்டப்படும் உதவி, அடிமைத்தனத்தின் மற்றொரு பெயரேயாகும்.

இவ்வுண்மை யாழ்ப்பாணத்தவராகிய நமக்குப் புதியதன்று. 1847 இல் இலங்கை வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே மருத்துவ நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே வைத்தியரைப் பயிற்றினார். அவரை அனுப்பியோரின் நோக்கம் சமயம் பரப்புதல். கோட்னிசை அனுப்பியோரின் நோக்கம் விடுதலை இயக்கங்களின் தோழமை. நோக்கங்கள் வேறாயினும், மக்களின் மொழியிற் கற்பித்தாலன்றி அறிவு மக்களுடையதாகாது என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர். கிறீன் சென்று ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும் நமது மருத்துவ பீடங்கள் ஆங்கிலத்திலேயே கற்பிக்கின்றன என்பதை எண்ணுகையில் நாணம் மேலிடுகிறது.

1941 இன் இறுதியில் கோட்னிஸ், உடன் பணியாற்றிய குவோ சிங் லான் என்னும் தாதியை மணந்தார். 1942 ஓகஸ்டில் மகன் பிறந்தான். இந்தியா, சீனா என்னும் இரு பெயர்களையும் இணைத்து 'யின் குவா' எனப் பெயரிட்டனர். கோட்னிசை ஏற்கனவே வலிப்பு நோய் பற்றியிருந்தது. ஓய்வு கொள்ளுமாறு பலர் வற்புறுத்தியும் அவர் இணங்கவில்லை. பாடநூலின் அடுத்த பகுதியை எழுதிக்கொண்டிருந்த நாட்களில், 1942 டிசெம்பர் 9 ஆம் நாள், தமது முப்பத்திரண்டாவது வயதிற் காலமானார். குழந்தைக்கு அப்போது மூன்றரை மாதம்.

அவரது கதையை குவாஜா அகமட் அப்பாஸ் நூலாக எழுதினார். 1946 இல் சாந்தாராம் திரைப்படமாக்கினார். ஆயினும், வரலாறு நேர்கோட்டிற் செல்வதில்லை. யப்பானிய ஆக்கிரமிப்புக்கு எதிராக வைத்தியரை அனுப்பிவைத்த போஸ், 1943 இல் அதே யப்பானின் துணையோடு பிரித்தானியரை எதிர்க்க முனைந்தார். கோட்னிசின் இரு தாயகங்களும் 1962 இல் இமயமலையில் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. இரு நாடுகளையும் பெயரிலே தாங்கிய மகன், மருத்துவம் கற்றுக்கொண்டிருந்தபோதே 1967 இல் இளமையில் மறைந்தான். குவோ அம்மையார் 2012 வரை வாழ்ந்தார். அதற்கு எட்டாண்டுகளின் பின், 2020 யூனில், அதே எல்லையில் மீண்டும் குருதி சிந்தியது.

இன்று கோட்னிசுக்குச் சிலைகள் உண்டு. தபால் முத்திரைகள் உண்டு. சீனத் தலைவர் பலர் இந்தியா வந்தபொழுது அவர் குடும்பத்தினரைக் கண்டு மலர் வழங்கினர். அரசுகள் நல்லுறவை நாடும்போது அவரை நினைக்கின்றன. பகைமை மூளும்போது மறக்கின்றன. அரசுகளின் நினைவு அத்தகையதே. அவரை அனுப்பியது ஓர் அரசன்று, அடிமைப்பட்ட ஒரு மக்கட் கூட்டம் என்பதை நினைவிற் கொள்ளவேண்டியவர்கள் ஆசிரியரும் மாணவருமாகிய நாமே. வீர வழிபாடு அவருக்கு வேண்டியதன்று. அவரோடு கட்டுத்துணி துவைத்த பெண்களையும், நோயாளருக்குத் தம் வீட்டை ஒழித்துக்கொடுத்த குடியானவரையும், இரத்தம் ஈந்த சிற்றூர் மக்களையும் சேர்த்தே நினைப்பதுதான் வரலாற்றுக்குச் செய்யும் நீதி.

அடுத்த தவணையில் அதே வினாவை மீண்டும் எழுப்பவிருக்கிறேன். இம்முறை ஒரு மாணவராயினும் சோலாப்பூர் வைத்தியரின் பெயரைக் கூறுவாராயின், அதற்கு அடுத்த வினாவும் என்னிடம் ஆயத்தமாக உண்டு: அவர் எந்த மொழியிற் கற்பித்தார்?